பேர் போடாத தந்திகள்

எங்கள் வாரப் பத்திரிகைக்கு மொத்தம் நாலே பக்கம். அதில் ஒரு பக்கம் விளம்பரம், அரைப் பக்கம் என் வீட்டுக்காரர் எழுதும் தலையங்கம். மிச்சமிருந்த இரண்டரைப் பக்கத்தை நிரப்புவதற்காகச் சென்னையிலிருந்து ஒரு செய்திக் கம்பெனி தினமும் பத்துப் பன்னிரண்டு தந்தி அனுப்பிக்கொண்டிருந்தது. சந்தா கட்டியாகிவிட்டது, அதனால் வேண்டுமென்றாலும் வரும், வேண்டாமென்றாலும் வரும். லண்டனில் பனிமூட்டம் என்று ஒன்று வரும். பம்பாயில் பருத்தி விலை என்று ஒன்று வரும். ஏதோ ஒரு தேசத்தில் மந்திரி ராஜினாமா செய்துவிட்டார் என்று வரும். அவர் மந்திரியாக இருந்த சங்கதியே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

புதுக்கோட்டையில் அந்நாளில் தந்தி என்றால் சாவு என்று அர்த்தம். தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினாலே பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிடுவார்கள். யார் செத்தது என்பதைப் பிறகுதான் விசாரிப்பார்கள். சந்தா கட்டிய முதல் வாரம், எதிர்வீட்டு அம்மாள் ஒரே நாளில் மூன்று தடவை மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டாவது வாரம் ஓடிவரவில்லை, நடந்து வந்தாள். மூன்றாவது வாரம் தன் வாசலிலிருந்தபடியே, "இன்னிக்கு யாராம்?" என்று கேட்டதோடு சரி. "லண்டன்ல பனிங்க" என்பேன். "பாவம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

வீட்டின் முன்கட்டில் அச்சகம், பின்கட்டில் நாங்கள். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படித்தவள் என்பதால் தந்திகளைப் பிரித்துப் படித்துத் தமிழில் எழுதுவது என் வேலை ஆயிற்று. என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் மேல் நிறைய மரியாதை உண்டு. இங்கிலீஷுக்குத்தான் அவர் மேல் கிடையாது. காகிதம் குத்தும் குத்தூசி நாலு வாங்கி மேஜையில் வைத்தேன். ஒன்று யுத்தம், ஒன்று தேசம், ஒன்று விலைவாசி. நாலாவதற்கு 'பிறகு' என்று பேர். எதற்கும் ஆகாத செய்தியெல்லாம் அதில் போய்க் குத்திக்கொண்டு நிற்கும். அச்சுக் கோக்கிறவர் புதன்கிழமை தோறும் வந்து, "அம்மா, நாலு விரக்கடை எடம் காலியாக் கெடக்கு, ஏதாச்சும் குடுங்க" என்று கையை நீட்டுவார். அந்த நாலாவது ஊசியிலிருந்து ஒன்றை உருவிக் கொடுப்பேன். லண்டன் பனிமூட்டத்தை நாங்கள் ஐந்து தடவை அச்சடித்திருக்கிறோம். சித்திரை வெயிலில்கூட அடித்தோம், ஒருவரும் கேட்கவில்லை.

ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபிறகு இந்த வேலை எனக்கு விளையாட்டாக இல்லை. என் அண்ணன் அங்கே ஒரு மரவாடியில் குமாஸ்தாவாக இருந்தார். கடிதம் நின்று மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்டது. பர்மாவிலிருந்து ஜனங்கள் காட்டு வழியாக நடந்தே வருகிறார்கள் என்றும், வழியில் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள் என்றும் எனக்கு வரும் தந்திகளே சொல்லின. ஊருக்கெல்லாம் செய்தி சொல்லும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு வேண்டிய ஒரே ஒரு செய்தி தெரியாமல் தவித்தேன். தந்திக் கட்டு வந்ததும் நின்றபடியே பிரிப்பேன். பர்மா என்ற வார்த்தையை முதலில் தேடிவிட்டுத்தான் மற்றதைப் படிப்பேன்.

கடைசியில் விராலிமலை முருகனிடம் போவதென்று முடிவு செய்தேன். அந்தச் சாமிக்குச் சுருட்டு வைத்துப் படைப்பது வழக்கம். அண்ணன் உயிரோடு வந்தால் ஒரு கட்டுச் சுருட்டு என்று வேண்டிக்கொள்ளத்தான் கிளம்பினேன்.

"சாமி குடிச்சா பக்தி, நான் குடிச்சா மட்டும் நாத்தமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சாமி என் தலகாணியில வந்து படுக்கிறதில்லைங்க" என்று சொல்லிவிட்டு, தந்தி வேலையை அவரிடம் ஒப்படைத்தேன். மேல் மூலையில் 'பிரஸ்' என்று இருந்தால் செய்தி, இல்லாவிட்டால் சொந்தத் தந்தி, முதலில் மூலையைப் பாருங்கள் என்று மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். அது தெரிந்தும் போனேன், அதுதான் என் தப்பு.

செவ்வாய்க்கிழமை போய் அன்றைக்கே திரும்புவதாகத்தான் ஏற்பாடு. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரி வாயுவில் ஓடிய காலம் அது. மேட்டைக் கண்டால் பஸ் நின்றுவிடும். நாங்கள் இறங்கித் தள்ள வேண்டும். திரும்பும்போது தள்ளியும் நகரவில்லை. வழியில் ஒரு சத்திரத்தில் தங்கி, அடுத்த பஸ் பிடித்து, அதையும் தள்ளி, வியாழக்கிழமை மத்தியானம்தான் வீடு வந்து சேர்ந்தேன். பத்திரிகை காலையிலேயே வெளியாகியிருந்தது.

என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"பாத்தியா? எந்தப் பத்திரிகையிலயும் வராத செய்தி. மெட்ராஸ்காரனுக்கே கிடைக்கல!"

"மெட்ராஸ்காரனுக்குக் கிடைக்காதது நமக்கு மட்டும் எப்படிங்க வந்துச்சு?"

"நம்ம மேல அவுகளுக்கு ஒரு மதிப்புதான்."

முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'பர்மாக் காலாட்படை கல்கத்தா வந்தது! வெள்ளிக்கிழமை கிளம்புகிறது!' அதன் கீழே, 'பர்மாவிலிருந்து கால்நடையாகவே வந்த நமது வீரர்கள் கல்கத்தாவை அடைந்துவிட்டனர். சேதம் பெரிதெனத் தெரிகிறது. சீருடைப் பற்றாக்குறை நிலவுகிறது. படை வெள்ளிக்கிழமை தெற்கு நோக்கிப் புறப்படும். பொதுமக்கள் சோற்றுக்கு ஆவன செய்து வைக்கவேண்டும். பூசணி என்னும் புதுரகக் குண்டு உபயோகிக்கப்படமாட்டாது.'

"பூசணிக் குண்டா?" என்றேன்.

"உருண்டையா இருக்கும்போல. வெள்ளைக்காரன் எதுக்குத்தான் பேர் வைக்க மாட்டான்?"

பஸ் தள்ளிய அலுப்பில் எனக்கு மேற்கொண்டு கேட்கத் தெம்பில்லை. பர்மாவிலிருந்து பட்டாளம்கூட நடந்து வந்துவிட்டது, என் அண்ணன் வரவில்லையே என்று பின்கட்டில் போய்ப் படுத்து அழுதேன். அன்றும் அழுதேன், மறுநாளும் அழுதேன்.

இதற்குள் ஊர் இரண்டுபட்டுவிட்டது. படைக்குச் சோறு போடவேண்டுமாம் என்று கடைத்தெருவில் அரிசியைப் பதுக்கினார்கள். சந்தையில் பூசணிக்காயை ஒருவரும் தொடவில்லை. அரிமளத்திலிருந்து ஒரு சந்தாதாரர், தன் கூரையில் காய்த்துக் கிடப்பது காய்தானா, எப்படிப் பரீட்சை செய்வது என்று கேட்டுக் கடிதம் எழுதியிருந்தார். என் வீட்டுக்காரர் அதற்குப் பதில் எழுத உட்கார்ந்த நேரத்தில் சமஸ்தான போலீஸ் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். அது சனிக்கிழமை.

"என்னங்க இது? படை எங்க இருக்கு, எப்பக் கெளம்புதுன்னு பத்திரிகையில போடலாமா? எதிரி படிச்சா என்னாகும்?"

"எதிரி நம்ம சந்தாதாரர் இல்லீங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"மூலத் தந்தியக் காட்டுங்க. இல்லாட்டி அச்சாபீஸ பூட்டிச் சீல் வச்சுருவேன்."

நான்தான் போய் யுத்த ஊசியிலிருந்து ஒவ்வொன்றாக உருவினேன். ஏழாவதாக வந்தது அது. பழக்க தோஷத்தில் முதலில் மூலையைப் பார்த்தேன். 'பிரஸ்' என்று இல்லை. படித்தேன். 'பர்மாவிலிருந்து நடந்து கல்கத்தா சேர்வு. எல்லாம் போயிற்று. துணி இல்லை. வெள்ளி புறப்பாடு. சோறு தயார் வை. பூசணி வேண்டாம்.' அவ்வளவுதான். அடியில் கையெழுத்தோ பேரோ இல்லை.

பேர் எனக்குத் தேவைப்படவில்லை. கல்யாணப் பந்தியில் பூசணிக்காய்ச் சாம்பார் என்றால் இலையை மடித்துவிட்டு எழுந்து போகிற மனிதர் இந்தப் பூமியில் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அப்படியே காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"சார், இது படை இல்லீங்க. எங்க அண்ணன்."

இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "மொத்தம் எத்தனை பேரு?"

"ஒருத்தர்தாங்க."

அதையும் எழுதிக்கொண்டார்.

அவர் போனபிறகு நான் போட்ட சத்தம் எதிர்வீட்டு அம்மாளை வெகுநாளைக்குப்பின் எங்கள் வாசலுக்கு வரவழைத்தது. சொந்த மச்சானை அடையாளம் தெரியாதா, பூசணிக்காயை எவனாவது குண்டு என்பானா, மூலையைப் பார் மூலையைப் பார் என்று எத்தனை தடவை சொன்னேன் என்று கத்தினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "உங்க அண்ணன் காசு குடுத்துத் தந்தி அடிப்பாருன்னு நான் கண்டேனா?"

அது நியாயம்தான். என் அண்ணன் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடச் சொல்லவில்லை.

திருத்தம் போடுவதென்றால் அடுத்த வியாழன்வரை காத்திருக்க வேண்டும். அண்ணன் திங்கட்கிழமையே வந்துவிட்டார். ஸ்டேஷனில் படையை வரவேற்க இருபது முப்பது பேர் மாலையோடு நின்றார்கள். ரயிலிலிருந்து எலும்புக்கூடு ஒன்று இறங்கிற்று. யாரோ தருமம் கொடுத்த காக்கிக் கால்சட்டை, நழுவாமல் இருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். காக்கியைப் பார்த்ததும் கூட்டம் மாலையைப் போட்டுவிட்டது. "மத்தவுகெல்லாம் பின்னால வாராகளா?" என்று ஒருவர் கேட்டார்.

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவர் தோளில் ஓர் அடி வைத்தேன். தோளில் சதையே இல்லை. "பேரைப் போடுறதுக்கு என்ன கேடு ஒங்களுக்கு?"

"ஒரு வார்த்தை மிச்சம் ஆத்தா. ஒனக்குத் தெரியாதா நாந்தேன்னு?"

"அப்பப் பூசணிக்கு மட்டும் காசு வந்துச்சோ?"

"நீ சந்தோசத்துல எதையாச்சும் ஆக்கி வச்சுருவியே" என்றார். அவர் மார்பில் முகத்தை வைத்து, மாலையோடு சேர்த்து, நன்றாக அழுது தீர்த்தேன்.

கூட்டம் கலைந்தபிறகும் ஒரு பெண் மட்டும் போகாமல் நின்றாள். கந்தர்வக்கோட்டைப் பக்கம். தலையில் ஒரு சின்ன அரிசி மூட்டை. "பத்திரிகையில படிச்சுச் சொன்னாக தாயி. அந்தப் படையில எங்க வீட்டுக்காரரும் வருவாகன்னு வந்தேன். பர்மாவுல மோல்மேன் பக்கம் வேலை" என்றாள். அண்ணன் அடையாளங்களைக் கேட்டார். தெரியவில்லை என்று தலையை ஆட்டினார். அவள் அரிசியை எங்கள் வண்டியில் வைத்துவிட்டு, "பசிச்சு வந்தவுக, நீங்க சாப்புடுங்க" என்று சொல்லி நடந்தாள். எங்கள் பிழையை நம்பி அவ்வளவு தூரம் வந்தவள். எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சோறு உள்ளே போனதும் அண்ணன் ஒரு காரியத்தை மெதுவாகச் சொன்னார். எங்கள் பத்திரிகையின் தந்தி விலாசம் ஒரே வார்த்தை. விலாசம் சிறிதாக இருந்தால் செலவும் குறையும் என்று, வழியிலும் முகாமிலும் பார்த்த நம் பக்கத்து ஆட்களுக்கெல்லாம் அந்த விலாசத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தார். கூடவே, பேர் போட்டுக் காசைக் கரியாக்காதீர்கள் என்று புத்தியும் சொல்லியிருந்தார்.

ஒரு வாரத்தில் அந்த ஆட்களின் தந்திகள் வர ஆரம்பித்தன. 'சுகம். கறுப்புக் காளையை விற்காதே.' 'வந்துகொண்டிருக்கிறேன். மகளுக்குப் பிரசவம் ஆனதா.' 'உயிர் இருக்கிறது. பல் இல்லை.' எதிலும் பேர் இல்லை. எந்த ஊர், யார் வீடு, ஒன்றும் தெரியாது. என் வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு அவரே, தலையங்கத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, முதல் பக்கத்தில் இடம் ஒதுக்கினார். 'இவர் யார் வீட்டுக்காரர்?' என்று தலைப்புப் போட்டு, வந்தது வந்தபடி அச்சடித்தோம். இந்தத் தடவை அவரை ஒரு வார்த்தை மாற்ற விடவில்லை நான். கறுப்புக் காளைக்கு மட்டும் மூன்று குடும்பம் சண்டைக்கு வந்தது. பல் இல்லாதவரை, அவர் போகும்போதே அப்படித்தான் போனார் என்று சொல்லி மனைவி வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

அரிசி கொண்டுவந்த பெண் வியாழன் தோறும் வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. முன்கட்டில் தரையில் உட்கார்ந்துகொள்வாள். அந்த வாரம் வந்த பேரில்லாத் தந்திகளை நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன். ஒவ்வொன்றுக்கும் யோசித்து, "இல்ல தாயி, அவுக இப்படிப் பேச மாட்டாக" என்பாள். இன்னொருத்தியின் புருஷனைத் தன்னுடையவன் என்று அவள் ஒருநாளும் சொல்லிப் பார்க்கவில்லை. போகப்போக அந்தத் தந்திகளும் குறைந்தன. சில வாரம் ஒன்றுகூட இருக்காது. அப்போதும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

மழைக்காலம் தொடங்கிய சமயம், ஒரு வியாழக்கிழமை, ஒரே ஒரு தந்திதான் இருந்தது. படித்தேன்: 'பிழைத்தேன். முந்திரித் தோப்பை அண்ணனுக்கு விடாதே. வாயை மூடிக்கொண்டிரு.'

அவள் சட்டென்று எழுந்தாள். "அவுகதேன்!" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை. "எட்டு மாசமா என்னைய வாய மூடுன்னு சொல்ல ஒரு நாதியில்ல தாயி. இன்னொருக்கா படிங்க. முழுசும் வேண்டாம், அந்தக் கடைசிய மட்டும் படிங்க."

படித்தேன்.