பூனைக்கு வைத்த மணல் தகரம்

என் தாய்மாமன் என் அப்பாவுக்குப் 'பூனைத் தோட்டி' என்று பெயர் வைத்தார். தோட்டத்து லயமே, அந்த வரிசை வீடுகள் முழுவதுமே, கேட்கும்படி வைத்தார். அப்பா செத்துப்போன பிறகும், ஈப்போவில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் எது நடந்தாலும், பந்தியில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார். பக்கத்து இலைக்காரர்களும் சிரிக்கிறார்கள். பாதிக் கதையைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். மீதியை நான் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு ஏழெட்டு வயது. லயத்தில் ஒரே அறை, பின்னால் அடுப்படி. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. மாமா, அம்மாவுக்கு மூத்தவர், அங்கே தண்டல். ஆட்களை வேலை வாங்குகிறவர். அவருக்கு வேலையைவிடக் குரல் பெரிது.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இரண்டாவது போனபோது அம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. ஒருநாள் அப்பா பால் கொட்டகையிலிருந்து ஒரு பூனைக்குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் விட்டார். அதற்குச் சோறு பிசையப் போய்த்தான் அம்மா தானும் ஒரு வாய் தின்றாள். அன்று முதல் அது அவள் காலைச் சுற்றியே கிடந்தது. சாம்பல் நிறம், அரை வால். பேரெல்லாம் கிடையாது. 'ஏ புள்ள' என்று அம்மா கூப்பிட்டால் நானும் பூனையும் சேர்ந்து திரும்பிப் பார்ப்போம்.

அந்தப் பூனையிடம் ஒரு கெட்ட பழக்கம். அடுப்புச் சாம்பலை மூலையில் குவித்து வைப்போம். அதை அள்ளித்தான் அம்மா பாத்திரம் தேய்ப்பாள். பூனை அந்தக் குவியலில்தான் வெளிக்கிருந்து மூடிவைக்கும். அம்மா கையில் அது அகப்படும். திட்டிக்கொண்டே தூர எறிந்துவிட்டு, மறுபடி அதே சாம்பலை அள்ளுவாள். லயத்தில் பூனை வளர்த்த எல்லார் வீட்டிலும் இதுதான் நடந்தது. யாரும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் லயத்து மருத்துவச்சி வந்தாள். என்னை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மூவரும் பேசினார்கள். மறுநாளிலிருந்து அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைப் படுக்கவைத்து வெட்டினார். ஆற்று மணல் கொண்டுவந்து நிரப்பிப் பின்கதவுக்கு வெளியே வைத்தார். சாம்பலைப் பானையில் போட்டு மூடினார். பூனையைத் தூக்கித் தூக்கி மணலில் விட்டார். அது பழகும்வரை அவரும் ஓயவில்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் அந்தத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு, எல்லார் வாசலையும் தாண்டிப் போய், மரக்காட்டு ஓரத்தில் குழிதோண்டிக் கொட்டி மூடுவார். வந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். அம்மா தகரத்துக்குக் கிட்டப் போனால் அவருக்குக் கோபம் வரும். பூனை அவள் தட்டில் வாய் வைத்தால், தட்டைப் பிடுங்கி வேறு சோறு போட்டுக் கொடுப்பார்.

மாமா இதற்காகவே வாசலில் காத்திருப்பார்.

"என்ன மாப்ளே, பங்களாவுல தொரைக்குத்தான் கக்கூஸ் தகரம். ஒங்க வீட்ல பூனைக்கும் வந்திருச்சு லா."

"எங்க வீட்டுக்கு அதுதான் மச்சான் பெரிய தொரை," என்பார் அப்பா. நடையை நிறுத்த மாட்டார்.

"பாத்துக்குங்க எல்லாரும். பூனைத் தோட்டி போறாரு."

தோட்டி வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. மாமா கேவலப்படுத்தத்தான் சொன்னார். லயத்துப் பிள்ளைகள் என் பின்னால் மியாவ் மியாவ் என்று கத்திக்கொண்டு வந்தார்கள். நான் வீட்டில் வந்து அழுதேன். பூனையை விரட்டுங்கள் என்றேன். அம்மா அதை மடியில் இறுக்கிக்கொண்டாள். அப்படியானால் தகரத்தை அம்மா தூக்கட்டும் என்றேன்.

அப்பா என் மூக்கைத் துடைத்துவிட்டார். "அம்மாவுக்கு வேணாம்மா. நான் தூக்கினா என்ன கொறஞ்சிருச்சு?"

சில மாதம் கழித்து அம்மாவுக்கு வளையல் போட்டார்கள். அப்போதுகூட எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிவப்பு வளையல் வேண்டும் என்று அடம் பிடித்ததுதான் நினைவிருக்கிறது. பிறகு தம்பி பிறந்தான். மணலால் பிழைத்தானா, தெய்வத்தால் பிழைத்தானா, எனக்குத் தெரியாது. பிழைத்தான். பூனையும் இருந்தது.

நான் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தபோதுதான் அம்மா முழுவதையும் சொன்னாள். பூனையை விரட்டு, இல்லையென்றால் அதன் அசிங்கம் உன் கையில் படக்கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று மருத்துவச்சி சொல்லியிருக்கிறாள். முன்னே இரண்டு தடவையும் விஷயம் சீக்கிரம் வெளியே போய்விட்டது, கண் பட்டுவிட்டது என்று அம்மாவுக்குப் பயம். வயிறு தெரியும்வரை கூடப்பிறந்தவருக்கும் சொல்லக்கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். 'வீட்டில் முழுகாமல் இருக்கிறாள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமாவின் வாய் அன்றே அடைத்திருக்கும். அப்பா சொல்லவில்லை.

அவர் தலையைக் குனிந்துகொண்டுதான் லயத்தைத் தாண்டிப் போவார். வெட்கத்தால் குனிகிறார் என்று நினைத்து, நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். வீட்டு வாசலில் மணல் சிந்திவிடக்கூடாதே, அம்மா மிதித்துவிடக்கூடாதே என்று தகரத்தையே பார்த்துக்கொண்டு போயிருக்கிறார் மனுஷன். அது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

நான் சிறுபிள்ளை. மாமா, நீங்கள் சிறுபிள்ளை இல்லை. உங்கள் தங்கைக்கு வளையல் போட்ட அன்று முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். விஷயம் தெரிந்த பிறகும் அந்தப் பேரை ஏன் விடவில்லை? வருகிற தை மாதம் தம்பி மகளுக்குக் கல்யாணம். பந்தி விசாரிக்க உங்கள் இலைக்கு முன்னால் வந்து நிற்கப்போகிறவன் அந்தத் தம்பிதான். அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள், எல்லார் காதிலும் விழும்படி.