திருப்திக்கு ரெண்டு தட்டு

எங்கள் பிரிவில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சுள்ளக்கா. பேச்சு சுள்ளென்று விழும். குறைமாதத்தில் பிறந்து மூச்சுக்குத் திணறும் குழந்தைகளுக்கு அவர்தான் பிசியோதெரபிஸ்ட். நான் அங்கே நர்ஸ். என் வாயும் லேசுப்பட்டதல்ல, ஆனாலும் அக்கா பக்கத்தில் நின்றால் நான் ஊமை.

முன்பு பெரியவர்கள் வார்டில் இருந்தவர். நெஞ்சில் சளி கட்டிய ஆசாமிகளை ஒருக்களித்துப் படுக்கவைத்து அவர் முதுகில் தட்டுகிற சத்தம் வராந்தா வரை கேட்குமாம். குழந்தைகளிடம் வந்தபின் கை பூப்போல ஆகிவிட்டது, குரல் மட்டும் பழைய வார்டிலேயே தங்கிவிட்டது. "எங்க வீட்ல பசங்க மூக்கு உறிஞ்சக்கூட பயப்படுவாங்க சிஸ்டர். உடனே பிடிச்சுக் குப்புறப் போட்டுடுவா," என்று அவர் கணவரே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அக்காவை அழைத்துப்போக வரும் அந்த மனிதர் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே வாரப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படித்து முடிப்பார். கிளம்புகிற நேரத்தில் ஏதாவது ஒரு குழந்தை முனகினால் அக்கா திரும்பி உள்ளே போய்விடுவார்.

அந்த வாரம் ஜன்னலோரம் ஒரு பையன் இருந்தான். எடை ஏறித் தேறிக்கொண்டிருந்தவன். சளிதான் கெட்டியாக இருந்தது. அக்கா சின்ன ரப்பர் கிண்ணத்தால் அவன் முதுகில் மெல்லத் தட்டுவார். அடுத்த கண்ணாடிப் பெட்டியில் ஒரு பொடிசு. பிறந்து சில நாள்தான். நுரையீரலில் ஒரு பக்கம் சுருங்கிக் கிடந்தது. அவளை அந்தப் பக்கம் மேலே வரும்படி திருப்பி, துணியைச் சுருட்டி அணை கொடுத்துவிட்டு, அக்கா மூச்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவ்வளவுதான் வைத்தியம். அந்த அளவுக் குழந்தையைத் தட்டக்கூடாது. விலா இன்னும் குருத்து. தலை குலுங்கினால் மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடலாம்.

பொடிசின் அப்பா டைல்ஸ் ஒட்டும் வேலைக்காரர். கண்ணாடிக்கு வெளியே நின்று இரண்டு குழந்தைகளையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். "அந்தப் பையனுக்கு மட்டும் தட்டுறீங்க. எங்க பொண்ணைப் படுக்கவச்சிட்டு வேடிக்கை பாக்குறீங்க. நாங்க என்ன இளிச்சவாயங்களா?"

அக்கா காரணத்தைச் சொன்னார். சொன்ன விதம்தான் தெரியுமே. அந்த அப்பா நேராக நிர்வாக அதிகாரியிடம் போய்விட்டார்.

நிர்வாக அதிகாரிக்கும் வைத்தியத்துக்கும் உள்ள சம்பந்தம், இரண்டும் ஒரே கட்டடத்தில் இருப்பது மட்டும்தான். வெளியில் போட்டு நடந்த செருப்போடே உள்ளே வந்தார். குழந்தைகள் டாக்டர் ஒரு பிரசவத்தில் மாட்டிக்கொண்டிருந்த நேரம்.

"ஏம்மா, ரெண்டு தட்டு தட்டிட்டுப் போயேன். அவங்க திருப்திக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருப்திக்காம்! ஒரு பிடி உயிரை வைத்துக்கொண்டு இவருக்கு வாடிக்கையாளர் திருப்தி வேண்டியிருக்கிறது.

"திருப்திக்குத் தட்டணும்னா உங்க மேஜையைத் தட்டிக்கோங்க சார்," என்றார் அக்கா.

அதிகாரியின் முகம் கறுத்துவிட்டது. "நீ பண்ணலன்னா போ. பெரியவங்க வார்டுலேர்ந்து ஒருத்தரை வரவழைச்சுப் பண்ண வைக்கிறேன்," என்று விறுவிறுவென்று வெளியே போனார். வரப்போகிறவன் புதியவன், மேலிடம் சொன்னால் மறுக்கத் தெரியாதவன். டாக்டருக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை.

அக்கா கதவைத் திறந்து அந்த அப்பாவைக் கூப்பிட்டார். "உள்ள வாங்க. மோதிரத்தைக் கழட்டுங்க. முழங்கை வரைக்கும் சோப்புப் போடுங்க. ம், இன்னும் தேயுங்க!" திட்டித் திட்டியே கழுவ வைத்தார். நகத்தில் ஒட்டியிருந்த சிமென்ட் போகும்வரை விடவில்லை. மாஸ்க்கும் மாட்டிவிட்டார். பெட்டியின் வட்டக் கதவு வழியாக அந்தக் கையைப் பிடித்து உள்ளே விட்டு, மகளின் முதுகின்மேல் வைத்தார். ஒரு கையில் முதுகு முழுவதும் மறைந்துபோனது.

"இப்ப தட்டுங்க."

அவர் அசையவில்லை.

"தட்டுங்கன்றேன்ல? நாங்கதான் வேடிக்கை பாக்குறோம். நீங்க தட்டுங்க!"

"ஐயோ வேணாம் மேடம்... எலும்பெல்லாம் கையில தட்டுப்படுது. கையை எடுத்துடறேன்."

"எடுக்காதீங்க." அக்காவின் குரல் அப்போதும் இறங்கவில்லை. "தேய்க்காம, அழுத்தாம, சும்மா வச்சிருங்க. அந்தச் சூடு அவளுக்கு வேணும்."

அந்த அப்பா முதுகை வளைத்து அப்படியே நின்றார். துள்ளித் துள்ளி இழுத்துக்கொண்டிருந்த குழந்தையின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சீரானது. மானிட்டரில் ஆக்சிஜன் எண் ஏறியது. கண்ணீர் மாஸ்க்கில் இறங்கியும் அவர் துடைத்துக்கொள்ளவில்லை. கை உள்ளே இருந்தது.

கதவு படாரென்று திறந்தது. நிர்வாக அதிகாரி, பின்னால் அந்தப் புதியவன். "சார், ஆளைக் கூட்டிட்டு வந்துட்டேன். கவலைப்படாதீங்க, உங்க குழந்தைக்கு இப்பவே தட்டிடுவாரு!"

அந்த அப்பா திரும்பக்கூட இல்லை.

"யாராவது கிட்ட வந்தீங்க, தெரியும் சேதி," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு, குழந்தைக்குக் கேட்காத குரலில். "வெளிய போங்க. தூங்குறா."