வடமுனையும் நேர்முனையும்

புயல் கடந்த மறுநாள் மதியம் மாமிக்கு இளைப்பு அதிகமாகிவிட்டது. மாமி என்பது என் கணவரின் உம்மா. மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் மெஷின் வீட்டிலேயே இருந்தது. ஆனால் கரண்ட் இல்லை. அதிராம்பட்டினத்திலிருந்து வெளியே போகும் ரோடுகளில் மரங்கள் குறுக்கே கிடந்தன.

என் கணவர் துபாயிலிருந்து கொண்டுவந்த சின்ன இன்வர்ட்டர் நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் படகில் விளக்கெரிக்க வைத்திருந்த பேட்டரியையும், அதன் குண்டு பல்பையும் கொடுத்துவிட்டுப் படகைத் தேடிக் கடற்கரைக்குப் போய்விட்டார். அதன் பிறகுதான் பார்த்தோம். உப்புக்காற்றில் பேட்டரியின் பிளஸ், மைனஸ் குறிகள் அரித்துப்போயிருந்தன. அதிலிருந்து வந்த இரண்டு வயர்களும் கறுப்பு. மாற்றிக் கொடுத்தால் இன்வர்ட்டர் எரிந்துபோகும்.

"தொழுகைப் பாயில கிப்லா தெச பாக்குற காம்பஸ் இருக்குல்ல, அத எடுத்துட்டு வா," என்றார் என் கணவர். "செவப்பு முள்ளு பிளஸ் பக்கம் திரும்பும்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. பள்ளியில் காந்தத்துக்கு வடமுனை, தென்முனை. பேட்டரிக்கு நேர்முனை, எதிர்முனை. எல்லாமே முனைதானே.

காம்பஸைப் பேட்டரியின் ஒரு முனைக்கு அருகே வைத்தோம். சிவப்பு நுனி அதை நோக்கித் திரும்பியது. அவர் முகம் தெளிந்தது. சந்தேகத்துக்கு மறு முனையிலும் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் திரும்பியது. காம்பஸைச் சுற்றிக்கொண்டு வந்து வேறு பக்கமாக வைத்தால் வெள்ளை நுனி ஒட்டிக்கொள்ளப் பார்த்தது.

"அங்க இருக்கறது இரும்பு போல்ட்டுங்க," என்றேன். "அதத்தான் முள்ளு இழுக்குது. பிளஸ், மைனஸ் எதுவும் இதுக்குத் தெரியல."

உள்ளே மாமி மூச்சுக்குத் திணறும் சத்தம் கேட்டது. அவர் இரண்டு வயர்களையும் கையில் பிடித்தபடி, "ஏதோ ஒண்ணக் கொடுத்துப் பாத்துடவா?" என்றார்.

"கொஞ்சம் இருங்க."

பேட்டரி சும்மா இருக்கும்போது அதில் காந்தம் இல்லை. வயரில் கரண்ட் ஓடினால்தான் அதைச் சுற்றிக் காந்தம் உண்டாகும். ப்ளஸ் டூவில் படித்த அந்த வரி அப்போதுதான் எனக்குப் புரிந்தது என்று சொல்ல வேண்டும். ஆனால் கரண்ட் எந்தத் திசையில் ஓடினால் முள் எந்தப் பக்கம் விலகும் என்பது மறந்துபோயிருந்தது.

"டார்ச் செல்லுல பிளஸ் எதுன்னு தெரியுமே," என்றார் அவர். "முதல்ல அதுல பாத்துக்கலாம்."

காம்பஸைத் தரையில் வைத்து, முள்ளுக்கு நேர் மேலே ஒரு வயரைத் தெற்கு வடக்காகப் படுக்க வைத்தேன். தெற்கு நுனியை டார்ச் செல்லின் பிளஸ் குமிழில் அவர் தொட்டார், வடக்கு நுனியை அதன் அடியில். சிவப்பு முள் மேற்கே சாய்ந்தது. சூடேறும் முன் எடுத்துவிட்டார். நுனிகளை மாற்றித் தொட்டோம், கிழக்கே சாய்ந்தது.

பிறகு பேட்டரியைத் தள்ளி வைத்து, வடக்கு நுனிக்கும் பேட்டரியின் ஒரு வயருக்கும் நடுவில் பல்பைக் கோத்து, அதே வயரை அதே மாதிரி படுக்க வைத்தோம். தெற்கு நுனியை மற்ற வயரோடு சேர்த்ததும் பல்பு எரிந்தது. முள் நன்றாகவே மேற்கே திரும்பி நின்றது. அப்படியானால் அந்த வயர்தான் பிளஸ். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இன்னொரு தடவை மாற்றிப் பார்த்த பிறகே அவர் இன்வர்ட்டரை இணைத்தார். மெஷின் உறுமத் தொடங்கியது.

மாமி முகமூடியை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கொஞ்சம் கொஞ்சமாகத் தோள்கள் ஏறி இறங்குவது அடங்கியது. மாமியின் காலடியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இதுதான் ஓடிக்கொண்டிருந்தது: ஒரே சொல்லை இரண்டு பொருளுக்கு வைத்துவிட்டு, அவை ஒன்றுதான் என்று இத்தனை வருஷம் நம்பியிருக்கிறேன். காந்தத்தின் முனை திசை காட்டுவது. பேட்டரியின் முனை கரண்ட் எங்கே புறப்படுகிறது என்பதற்கு நாம் வைத்த பெயர். இரண்டும் ஒன்றல்ல; ஆனால் ஒன்றுக்கொன்று அந்நியமும் அல்ல. நடுவே ஏதாவது ஓட வேண்டும், அவ்வளவுதான்.

அஸர் தொழுகைக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் திரும்பி வந்தார். படகு உடைந்திருந்தது, எஞ்சின் தப்பியிருந்தது. பிளஸ் பக்கம் என் மகளின் நகப்பூச்சால் நான் போட்டிருந்த சிவப்புக் குறியைப் பார்த்தார். "பேட்டரி இங்கேயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, மாமி எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.