ஓட்டாமலே டிக் போட்ட சோதனை

நடந்தவை:

1. திங்கட்கிழமை எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புதிய சர்வர் வந்தது. பழையதைக் கழற்றி எடுத்துப்போய்விட்டார்கள்.

2. செவ்வாய்க்கிழமை புதியதில் இரண்டு மெய்நிகர் கணினிகளை அமைத்தேன். ஒன்று பாக்கெட்டுகளை அனுப்பும், மற்றது வாங்கும். நடுவில் ஸ்விட்ச்.

3. புதன்கிழமை எங்கள் குழுவின் ஒப்பந்த ஊழியர் ஒருவர் எழுதிய புதிய ஸ்விட்ச் நிரலை அதில் ஓட்டினேன். பழைய சர்வரில் பழைய நிரல் காட்டிய வேகத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் வந்தது.

4. இன்னும் மூன்று முறை ஓட்டினேன். அதேதான்.

5. வியாழக்கிழமை அறிக்கை அனுப்பினேன். புதிய நிரல் மெதுவானது என்று அதில் இருந்தது.

6. அறிக்கையோடு என் சரிபார்ப்புப் பட்டியலும் போனது. பதினொரு வரி, பதினொன்றிலும் டிக்.

7. அதில் ஒரு வரி, ‘பழைய நிரலையும் புதிய சர்வரில் ஓட்டி ஒப்பிட்டாயிற்று.’ நான் ஓட்டவில்லை.

வரிசைப்படி பார்த்தால் ஏழாவது, ஐந்துக்கு முன்னால் வர வேண்டும். தள்ளித் தள்ளிக் கடைசிக்குக் கொண்டுபோயிருக்கிறேன்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய சர்வருக்குள் பல கணினிகள் தனித்தனியாக இயங்குவதுபோல மென்பொருளால் அமைக்கலாம். அவைதான் மெய்நிகர் கணினிகள். அவற்றுக்கிடையே தகவல் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகப் போகும். எது யாருக்கு என்று பிரித்து அனுப்புவது ஸ்விட்ச், அதுவும் மென்பொருள்தான். சாதாரணமாக ஒவ்வொரு முறை பாக்கெட் வரும்போதும் இயங்குதளத்தைத் தட்டி எழுப்ப வேண்டும். வேகமான முறையில் அந்த வேலையே இல்லை. பிராசஸருக்குள் இருக்கும் கோர்களில் சிலவற்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுவோம். அவை வேறெதுவும் செய்யாமல் ‘வந்ததா, வந்ததா’ என்று பார்த்துக்கொண்டே இருக்கும். நினைவகத்தையும் முன்கூட்டியே பிரித்து வைக்க வேண்டும். எந்தக் கோர் எதற்கு, எவ்வளவு நினைவகம் எதற்கு என்று பங்கு போடுவது என் பொறுப்பு.

பழைய நிரலைப் புதிய சர்வரில் நிறுவி ஓட்ட அரை நாள் ஆகும். வெள்ளிக்கிழமை எனக்கு விடுப்பு. சித்தி மகள் நிச்சயதார்த்தத்துக்காக ஈரோட்டுக்கு ரயில் ஏற வேண்டும். சர்வரோ புதியது, பழைய நிரல் இதில் இன்னும் வேகமாகத்தான் ஓடும் என்று கணக்குப் போட்டேன். அப்படி ஓட்டினால் அவர் நிரல் இன்னும் மோசமாகத் தெரியும். பழைய சர்வரில் கிடைத்த வேக எண்ணையே பட்டியலின் அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டால் அவருக்கு ஒரு சலுகை என்றுகூட நினைத்தேன். எண்ணைப் போட்டேன், டிக் போட்டேன், பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்த ஒப்பந்த ஊழியர் நகரின் ஓரத்தில் இருக்கும் குஷாய்குடாவிலிருந்து வருபவர். அப்பா ரயில்வே பணிமனை வேலைக்காக இங்கே வந்த தமிழர். இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்தத் தெலுங்கு ஊரில்தான், பேச்சில் தெலுங்கும் உருதுவும் கலந்து வரும். வயது நாற்பதை நெருங்கியிருந்தது. மூன்று வருடமாக ஒப்பந்தத்திலேயே இருந்தார். வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தக்காரர்களில் ஓரிருவரை நிரந்தரமாக்குவார்கள். அந்தப் பட்டியல் இந்த முறை மூன்று வாரத்தில் வரவிருந்தது. அவர் பெயர் அதில் ஏற இந்த ஸ்விட்ச்தான் வழி. இது எனக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும்.

ஊரிலிருந்து நான் திரும்பிய திங்கட்கிழமை அவர் என் இடத்துக்கு வந்தார்.

“பழைய மிஷின்ல பறந்துச்சேம்மா. இங்க வந்ததும் ஏன் படுத்துக்குது?”

“தெரியலைங்கண்ணா.”

“பழைய கோடையும் இதுல ஓட்டிப் பார்த்துட்டல்ல?”

“டிக் போட்டிருக்கேனே.”

“ஹவ், ஹவ்,” என்று தலையாட்டினார். “பார்த்தேன். நீ டிக் போட்டா அது கல்வெட்டு. அப்ப கோளாறு என் கோடுலதான்.”

ஓட்டினேன் என்று நான் சொல்லவில்லை, டிக் போட்டிருக்கிறேன் என்றுதான் சொன்னேன். அந்த வித்தியாசத்தை அப்போதே கவனித்தேன். அதை ஒரு வசதியாக வைத்துக்கொண்டேன்.

ஒப்பந்த ஊழியர்களுக்குப் புதிய சர்வரில் அனுமதி கிடையாது. அதனால் அவர் நிரலைத் திருத்தி என்னிடம் தருவார், நான் ஓட்டி எண்ணைச் சொல்வேன். முதலில் ஒரு பகுதியை எடுத்தார். எண் அசையவில்லை. இன்னொரு பகுதியை எடுத்தார். அசையவில்லை. நன்றாக இருந்த பகுதிகளை ஒவ்வொன்றாக அவர் வெட்டியெறிவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவில் மதுரைப் பையன் ஒருவன் உண்டு, யாரையும் விடமாட்டான்.

“அண்ணன் ஸ்விட்ச் சாயங்காலம் உப்பல் சிக்னல் மாதிரி. நிக்கும், யோசிக்கும், அப்புறமா விடும்.”

“சிரி, சிரி,” என்றார் அவர். “உனக்கும் நாற்பது வயசு வரும்டா.” நானும் சிரித்தேன்.

பட்டியல் மேலே போவதற்கு முந்தின நாள், புதன்கிழமை காலையில், அவர் மறுபடி வந்தார்.

“பழைய கோடு ஓட்டுனப்ப வந்த லாக் இருந்தா அனுப்பும்மா. ரெண்டையும் வரிக்கு வரி வச்சுப் பார்க்கலாம்.”

“மத்தியானம் அனுப்பறேங்கண்ணா.”

ஓட்டும்போது கணினி தானே எழுதிவைக்கும் பதிவுதான் லாக். ஓட்டவே இல்லை, அனுப்புவதற்கு ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக்குப் போகாமல் பழைய நிரலை நிறுவி, சர்வரை அணைத்துப் போட்டு, அன்றுதான் முதன்முறையாக ஓட்டினேன். அதுவும் பாதி வேகத்தில்தான் ஓடியது.

கோளாறு அவர் நிரலில் இல்லை என்று திரையைப் பார்த்த உடனேயே புரிந்துவிட்டது. எந்தக் கோர் எந்தப் பிராசஸரில் இருக்கிறது என்று காட்டும் கட்டளையைக் கொடுத்தேன். சர்வரில் இரண்டு பிராசஸர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதற்கான நினைவகம். பழைய சர்வரில் கோர் எண்கள் வரிசையாக இருந்தன, முதல் பாதி ஒரு பிராசஸர், அடுத்த பாதி மற்றது. இதில் இரட்டைப்படை எண்கள் எல்லாம் ஒன்றில், ஒற்றைப்படை எண்கள் மற்றதில். நானோ வழக்கம்போல இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று அழகாக வரிசைப்படுத்திக் கொடுத்திருந்தேன். பாதிக் கோர்கள் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எதிர்ப்பக்கத்து நினைவகத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தன.

எண்களை மாற்றினேன்: இரண்டு, நான்கு, ஆறு, எட்டு. பழைய நிரல் வேகமெடுத்தது. அவருடைய நிரலை, எதுவும் வெட்டாத முதல் வடிவத்தை, ஓட்டினேன். அது பழையதைத் தெளிவாக முந்தியது. அப்போது மணி நான்கு.

மேலாளருக்கு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவில் ‘பழைய நிரலை நான் அப்போது ஓட்டவில்லை’ என்ற வாக்கியம் இருந்தது. இரண்டாவது வரைவில் அது கடைசிக்குப் போனது. மூன்றாவதில் இல்லை. நான் அனுப்பியது இதுதான்: ‘சர்வர் அமைப்பில் ஒரு சிறிய சந்தேகம். அளவுகளை மறுபடி எடுத்து வெள்ளிக்கிழமை தருகிறேன்.’ லாக் கேட்டவருக்கு அதை அனுப்பவில்லை. மறுபடி ஓட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். வியாழக்கிழமை பட்டியல் போனது. வெள்ளிக்கிழமை காலையில் அறிவித்தார்கள். அவர் பெயர் இல்லை.

அன்றே குழுக் கூட்டத்தில் புதிய எண்களைக் காட்டினேன். கோர்களைப் பற்றி விளக்கினேன். ஸ்விட்ச் எழுதியவர் மேசையைத் தட்டினார்.

“அதாவது, உப்பல்ல குடியிருந்துக்கிட்டு ஒரு கட்டு கொத்தமல்லிக்கு ஒவ்வொரு தடவையும் ஊருக்கு அந்தக் கோடியில இருக்கற போவன்பள்ளி மார்க்கெட் போயிட்டு வந்திருக்கு!”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னார், “இந்தப் பொண்ணு விடாமப் பிடிச்சிருக்கலைன்னா நான் என் கோடையே தூக்கிப் போட்டிருப்பேன். தேங்க்ஸ்மா.”

காலையில்தான் அவர் பெயர் இல்லாத பட்டியலைப் பார்த்திருந்தார். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு நான் தலையாட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்தவற்றில் நினைத்தாலே உடம்பு கூசுவது டிக் போட்டதுகூட இல்லை, அந்தத் தலையாட்டல்தான்.

கூட்டம் முடிந்ததும் அவரை மாடிப்படிக்குக் கூப்பிட்டேன்.

“என்னம்மா, லீவு கேக்கப் போறியா? நான் மேனேஜர் இல்ல, கான்ட்ராக்ட்.”

என் பழக்கப்படி ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவதில் நிறுத்தினார்.

“நில்லு. ஓட்டவே இல்லையா?”

“இல்லீங்கண்ணா.”

“அந்த நம்பர்?”

“பழைய சர்வரோடது. அப்படியே எடுத்துப் போட்டேன்.”

அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“ரெண்டு வாரம்மா. என் பொண்ணு தினமும் கேட்டா, ‘ஏமைந்தி நான்னா’, என்னாச்சுப்பான்னு. உங்கப்பனுக்கு வயசாயிடுச்சு, மூளை ஓடலன்னு சொன்னேன். சின்னக் குழந்தைகிட்ட.”

“மன்னிச்சுடுங்கண்ணா.”

“நக்கோ. இப்ப அது நக்கோ.” கையைக் குறுக்கே ஆட்டினார். “மேடம்கிட்ட சொல்லிட்டியா?”

“இன்னும் இல்லீங்க.”

“அப்ப கைக்கு, ஏன் முதல்ல என்கிட்ட வந்தே? நான் பரவாயில்லைன்னுட்டா அங்க போக வேண்டாம்னா?”

அப்படி நினைத்து நான் வரவில்லை. ஆனால் அவர் கேட்ட பிறகு எனக்கே அது சந்தேகமாகிவிட்டது.

நேராக மேலாளர் அறைக்குப் போனேன். மேலாளர் ஒரு தெலுங்குப் பெண்மணி, எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். குரல் உயர்த்தவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘புதன்கிழமை மாலை நான்கு மணிக்கே உனக்குத் தெரிந்திருக்கிறது, பட்டியலை நான் வியாழக்கிழமை மதியம்தான் அனுப்பினேன், இடையில் ஏன் சொல்லவில்லை?’ அந்த மூன்றாவது வரைவுதான் பதில். அதைச் சொன்னேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கதவைக் காட்டினார். அன்று மாலையே நடந்ததை முழுதாக எழுதி, குழுவில் எல்லோருக்கும் அனுப்பினேன். மதுரைப் பையன் அதற்குப் பிறகு என்னைக் கிண்டல் செய்வதே இல்லை.

இதெல்லாம் நடந்து ஏழு மாதம் ஆகிறது. அவருடைய நிரல், வெட்டப்படாத முதல் வடிவத்திலேயே, எங்கள் தயாரிப்பில் சேர்ந்துவிட்டது. நிரந்தரப் பட்டியலை மறுபடி திறந்து அவர் பெயரைச் சேர்க்க மேலாளர் இரண்டு முறை முயன்றார். வெளிவந்த பிறகு மாற்றுவதில்லை என்று பதில் வந்தது. அந்த நிரலை எழுதியவர் இன்னும் ஒப்பந்த ஊழியர்தான். அடுத்த பட்டியல் வர ஐந்து மாதம் இருக்கிறது. என் சோதனைகளை இப்போது இன்னொருவர் மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகே அறிக்கை போகிறது. நான் அண்ணா என்று கூப்பிட்டவர் என்னோடு பேசுகிறார், வேலையைப் பற்றி மட்டும். ‘அம்மா’ என்று கூப்பிடுவதில்லை, மேடம் என்கிறார்.