பதினோராம் எண்

மருத்துவமனைத் துணிகளைச் சலவை செய்யும் ஆலையில், அழுக்கு மூட்டைகளைப் பிரிக்கும் அறையில், அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். ஆலையில் அவருக்குத் தீக்குச்சி என்று பெயர். உடல் ஒல்லி, கோபம் வர ஓர் உரசல் போதும். விரிப்புகளை உதறி, இரத்தக்கறை படிந்தவற்றை ஒரு தொட்டியிலும் மற்றவற்றை வேறொரு தொட்டியிலும் போட வேண்டும். உதறும்போது, மருத்துவமனையில் யாரோ மறந்துவிட்ட ஊசிகள் விழும். சில கையில் ஏறும். ஏறினால் பதிவேட்டில் ‘என் கவனக்குறைவு’ என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது ஆலையின் வழக்கம். தீக்குச்சி ஒன்பது முறை கையொப்பமிட்டார். ஒன்பது முறையும் தாள் கிழிந்தது.

அதே மேசையின் எதிர்ப்புறத்தில் அவருடைய நாத்தனார் வேலை பார்த்தார். இடக்கைப் பழக்கம் உள்ளவர், கணவரால் கைவிடப்பட்டவர். காது கேளாத மகனின் படிப்பு அந்த வேலை ஒன்றையே நம்பியிருந்தது.

ஏழு கல்லூரிகளின் ஆசிரியர்கள் சேர்ந்து, ஆய்வைச் சமூக நீதியோடு இணைப்பதாகச் சொல்லி ஒரு கூட்டமைப்பு நடத்தி வந்தனர். அவர்கள் பார்வை இந்த ஆலையின் மீது விழுந்தது. பெண்களை அழைத்து வைத்துப் பேசத் தீக்குச்சியின் வீடு வசதியாக இருந்தது.

“தோழர், உங்க அனுபவம்தான் எங்களுக்குப் பாடம்,” என்றார் கூட்டமைப்பை நடத்திய பேராசிரியர்.

“பாடம்னா பரீட்சை வரும். ஃபெயிலானா யார் வேலை போகும்?”

பேராசிரியர் மகிழ்ச்சியாகச் சிரித்து, அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

நாத்தனார் பேச மறுத்தார். தீக்குச்சிதான் விடவில்லை.

“பேரே வராதுடி. வெறும் நம்பர்தான்.”

ஊசி ஏறுவதையும் பழியை ஏறியவரே எழுதித் தரவேண்டியதையும் நாத்தனார் சொன்னபடியே அறிக்கை அச்சானது. பெயர் வரவில்லை. பதினோராம் எண்ணுள்ளவர் பிரிப்பு அறையில் வேலை செய்பவர், இடக்கைப் பழக்கம் உள்ளவர், கணவரால் கைவிடப்பட்டவர், செவித்திறன் அற்ற மகனின் தாய் என்று மட்டுமே இருந்தது. பேசியவரின் பெயரை மறைக்க வேண்டும் என்பது அக்கூட்டமைப்பின் ஒரு விதி. அவரை உயிரோட்டமாக வரைய வேண்டும் என்பது மற்றொரு விதி. படித்தவர்கள் இரண்டையும் பிசகாமல் கடைப்பிடித்திருந்தனர்.

உணவு இடைவேளையில் சூப்பர்வைசர் அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தார். “நம்ம ஆலையில எத்தனை இடக்கை இருக்கு, எண்ணுவோமா?” என்று விரலை மடக்கினார். எண்ணிக்கை ஒரு விரலோடு நின்றது.

ஆலையின் மீது அவதூறு பரப்பியதாக நாத்தனார் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். பத்தாம் நாள் விசாரணை.

“நம்பர்தான்னு சொன்னீங்களே அண்ணி. இந்த லெட்டர் நம்பருக்கா வந்திருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனவர், அதன் பிறகு பேசவில்லை.

தீக்குச்சி பேராசிரியரின் அறைக்குச் சென்றார். சுவரெங்கும் முஷ்டி உயர்த்திய கைகளின் படங்கள்.

“அவ சொன்னது உண்மை, ஆலைப் பதிவேட்டை நாங்களே பார்த்தோம்னு விசாரணையில வந்து சொல்லுங்க சார்.”

“வந்தா, பதினொண்ணு அவங்கதான்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் தோழர். ரகசியம் காக்கிறது எங்க நெறி.”

“ஊரே பார்த்து முடிச்ச முதுகை இப்ப துண்டு போட்டு மூடுறீங்க.”

“கோர்ட்டே கேட்டாலும் சொல்ல மாட்டோம்,” என்றார் அவர், பெருமிதத்தோடு.

தீக்குச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “வேற ஒருத்தி வந்து, நான்தான் பதினொண்ணுன்னு நின்னா?”

“ஆமான்னும் சொல்ல மாட்டோம், இல்லைன்னும் சொல்ல மாட்டோம்.”

“அதை எழுதி, முத்திரை குத்திக் குடுங்க.”

கேட்டது ஒரு வரி. பேராசிரியர் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

விசாரணை நாளன்று அந்தக் கடிதத்தை மேலாளரின் மேசையில் வைத்துவிட்டுத் தீக்குச்சி சொன்னார்: “பதினொண்ணு நான்தான்.”

“உனக்கேதும்மா காது கேக்காத புள்ள?” என்றார் சூப்பர்வைசர்.

“என் அடையாளத்தைச் சொன்னா மாட்டிக்குவேன். அதான் இவ அடையாளத்தைச் சொன்னேன்.”

நாத்தனாருக்கு இது முன்கூட்டித் தெரியாது. அண்ணி சொல்வது பொய் என்பதும், எதற்காகச் சொல்கிறார் என்பதும் புரிந்தன. புரிந்தும் அடங்கவில்லை.

“என் புள்ளையை இழுக்க உங்களுக்கு வாய் எப்படி வந்துச்சு? உங்க பேச்சைக் கேட்டு நாசமாப் போனேன் நான்,” என்று பாய்ந்தவரை இருவர் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. அது நடிப்பன்று, பத்து நாள் அடக்கி வைத்திருந்த கோபம். அதைவிடப் பொருத்தமான சாட்சியம் வேறு அமைந்திராது. மேலாளர் பேராசிரியரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை நாத்தனார் வேலைக்குத் திரும்பினார். அதே வாரம் தீக்குச்சியை நிரந்தரமாக வெளியேற்றினார்கள்.

பேராசிரியர் தொலைபேசியில் அழைத்தார். “தோழர், நீங்க செஞ்சது எதிர்ப்போட ஒரு புது வடிவம். இதைப் பத்தி ஒரு கட்டுரை—”

“ஒரு வரி எழுதினா உங்க கல்லூரி வாசல்ல வந்து நிப்பேன். அப்ப எந்த நம்பர் சொல்லிக் கூப்பிடுறீங்கன்னு பார்ப்போம்.”

அன்று மாலை நாத்தனார் வந்தார். உள்ளே வரவில்லை, கதவருகிலேயே நின்றார்.

“எனக்காகச் செஞ்சதா நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க. உங்களை மன்னிக்கல நான்.”

“மன்னிக்காதே. மன்னிச்சது தெரிஞ்சா உன் வேலை போயிடும். ஆலையில என்னைத் திட்டுறியா?”

“தினமும்தான் திட்டுறேன்.”

“சூப்பர்வைசர் காதுல விழுற மாதிரி திட்டு.”