செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வரும் அதிகாரி

மெல்பேணில் வீடு வீடாகப் போய் முதியோரைப் பராமரிப்பது என் வேலை. கிளென் வேவர்லியில் ரயிலை விட்டு இறங்கி, பஸ்ஸில் பத்து நிமிடம் போனால் அந்த ஜெர்மன்காரியின் வீடு. வயது தொண்ணூறு. கல்யாணம் கட்டாதவர். நானும் நாற்பத்தாறு வயதில் கல்யாணம் கட்டாதவள்தான். படகில் வந்து, பத்து வருடம் தற்காலிக விசாவோடு இழுபட்டதில் அந்தப் பருவம் போனதே தெரியவில்லை. எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில். இருவருக்குமே அது பிறகு பழகிய மொழி. இங்கே அதை என் தமிழில் எழுதுகிறேன்.

முதல் செவ்வாய்க்கிழமை அவரைக் குளிக்க வார்த்து, தலை சீவி, முன்னறைக் கதிரையில் இருத்தினேன். பதினொரு மணியாகப் போகும்போது சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பிள்ளையைத் தூக்கு. அவ வாறா."

"ஆர் வாறா?"

"அதிகாரி."

பிடித்து நடக்கும் வோக்கரைத் தள்ளிக்கொண்டு பின்னறைக்குப் போனார். அங்கே சுவரோரம் ஒரு சின்னக் கட்டில், சுருக்கமில்லாத வெள்ளை விரிப்போடு. போர்வையை விலக்கி, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அள்ளி என் கைகளில் தந்தார். பிறகு அலுமாரியைத் திறந்து, உள்ளே போகும்படி கண்ணால் காட்டினார். மறதி நோய்க்காரரோடு வாதாடக் கூடாது என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். வெறுங்கையை அணைத்தபடி பழைய கம்பளிக் கோட்டுகளுக்கு நடுவே நின்றேன்.

வெளியே அவர் ஜெர்மன் மொழியில் பதில் சொல்வது கேட்டது. கேள்விகள் என் காதில் விழவில்லை. ஆனால் ஒவ்வொரு பதிலுக்கு முன்னும், ஒருவர் கேள்வியைக் கேட்டு முடிக்கிற அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது.

வாரா வாரம் இதேதான். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு அன்ரியிடம் சொன்னேன்.

"அந்த மறதி வருத்தம் வந்தா, இல்லாத ஆக்களோடதான் கதைப்பினம். நீ யோசியாதை பிள்ளை," என்றார்.

ஆறாவது வாரம் தூசி தட்டுவதற்காக ஸ்டூலில் ஏறினேன். அலுமாரியின் மேற்பலகையில் பல வருடத் தூசி. அதன் நடுவில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, ஒற்றை விரலால் இழுத்த சுத்தமான கோடு. அந்த உயரம் எனக்கே எட்டாது. அவரோ வோக்கரை விட்டால் நிற்க மாட்டார். வேறு பணியாளர்கள் யாரும் வருவதில்லை. துடைக்காமல் இறங்கிவிட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை, அலுமாரிக்குள்ளிருந்து வெளியே வந்ததும் ஏறிப் பார்த்தேன். பக்கத்தில் இரண்டாவது கோடு.

கேட்டபோது அவர் குரலைத் தாழ்த்தினார். "அவ தடவிப் பாப்பா. தூசி இருந்தா பிள்ளையைக் கொண்டு போயிடுவா."

அன்று அந்த வீடு முழுவதையும் துடைத்தேன். என் அறைக்குத் திரும்பி, அங்கேயும் அலுமாரியின் மேற்பக்கத்தைத் துடைத்தேன். விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வரும் நாட்களில் எனக்கு இரவில் நித்திரை வராது. இப்போது திங்கட்கிழமை இரவுகளும் அப்படித்தான்.

அவருடைய மகள் சிட்னியிலிருந்து வந்தார். அறுபது தாண்டியவர். குசினி மேசையில் அவரோடு தேநீர் குடித்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பையை வைத்துவிட்டு, "அந்தப் பிள்ளை நான்தான்," என்றார்.

அந்தக் காலத்து மேற்கு ஜெர்மனியில், மணமாகாத தாய் பெற்ற பிள்ளைக்குத் தாய் பாதுகாவலர் இல்லை, அரசாங்க அலுவலகம்தான். மாதா மாதம் ஓர் அதிகாரி வந்து அலுமாரியைத் திறப்பார். தளபாடங்களைத் தடவித் தூசி பார்ப்பார். கட்டிலுக்குக் கீழே ஆண்பிள்ளைச் சப்பாத்து இருக்கிறதா என்று குனிவார். இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் பெண்ணை "ஃப்ராய்லைன்" என்று கூப்பிடுவார். எங்கள் "செல்வி" மாதிரி ஒரு சொல். கல்யாண அழைப்பிதழ்களில் இன்றைக்கும் என் பெயருக்கு முன்னால் நிற்கிற சொல்.

பெண்கள் சங்கங்களும், பெண் வழக்கறிஞர்களும், நாடாளுமன்றத்தில் இருந்த ஒரு சில பெண்களும் வருடக்கணக்காகப் போராடினார்களாம். முதலில், தாய் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து உரிமையைக் கேட்கலாம் என்று சட்டம் வந்தது. இந்தத் தாய் உடனே விண்ணப்பித்தார். தீர்ப்புக் கடிதம் கைக்கு வந்ததும் மகளோடு மெல்பேணுக்குக் கப்பல் ஏறிவிட்டார். கேட்காமலே தாய்க்கு உரிமை என்பதும், அலுவலகங்கள் "ஃப்ராய்லைன்" என்று எழுதுவதைக் கைவிட்டதும் பிறகு நடந்தவை.

"சட்டம் மாறினது அம்மாவுக்கு மறந்துபோச்சு," என்றார் மகள். "பயம் மட்டும் நிக்குது."

மேசை லாச்சியை இழுத்து அந்தத் தீர்ப்புக் கடிதத்தை எடுத்தார். செவ்வாய்க்கிழமை அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது என்று முடிவு செய்தோம். அன்று மூவரும் முன்னறையில் இருந்தோம். பதினொரு மணிக்குத் தாய் என் கையைப் பிடிக்கவில்லை. அதற்குள் வாசல் மணி அடித்தது.

மகள் கடிதத்தோடு எழுந்தார். "ஆரையும் வரச் சொன்னீங்களோ?"

"இல்லை."

நான் போய்க் கதவைத் திறந்தேன். வாசலில் வெயில். கேட் பூட்டியபடி. ஆள் இல்லை. ஆனாலும் கதவைச் சாத்தக் கை வரவில்லை. எதிரே ஒருவர் நிற்கும்போது முகத்துக்கு நேரே சாத்த முடியாதே, அப்படி. மகள் என் பின்னால் வந்து நின்று கடிதத்தை ஜெர்மனில் உரக்க வாசித்தார். தொடக்கத்தில் குரல் நடுங்கியது. போகப் போக, முன்னால் நிற்பவரிடம் பேசுவது போல நிமிர்ந்தது. கடிதத்தில் தாயின் பெயருக்கு முன்னால் "ஃப்ராய்லைன்" என்றுதான் எழுதியிருந்தது. அதை அவர் எங்கள் "திருமதி" போன்ற "ஃப்ராவ்" என்று மாற்றி வாசித்தார். அது எனக்கே விளங்கியது.

முடிந்ததும் கதிரையிலிருந்து குரல் வந்தது. "போயிட்டா."

"எங்கை போனவ?" என்று கேட்டேன்.

"அடுத்த வீட்டுக்கு. அவவுக்கு இன்னும் கனக்க வீடு இருக்கு."

அந்த மாதமே மகள் அவரைச் சிட்னிக்குக் கூட்டிப்போனார். குளிர்காலத்தில், தாய் நித்திரையிலேயே போய்விட்டார் என்று மகளிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. கடைசிவரை யாரையும் ஒளித்துவைக்கச் சொல்லவில்லையாம். எனக்கு அழுகை வந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டேன்.

"அங்கை செவ்வாய்க்கிழமை மணி அடிச்சதோ?"



"இல்லை. ஆனா பதினொரு மணிக்கு நான் இப்ப வாசலைப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."