நின்றுவிட்டால் மறுபடி ஓட்டவும்

எங்கள் அலுவலகத்தில் ஒரு கணவனும் மனைவியும் வேலை பார்த்தார்கள். மனைவி கையேடு எழுதுவார். அதைப் படித்தும் புரியாதவர்கள் ஃபோன் செய்தால் கணவர் எடுப்பார். அம்மா குழப்பிவிடுவார், ஐயா தெளிய வைப்பார், நல்ல குடும்பத் தொழில் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். இப்போது அதை நினைத்தால் எனக்கே என் மேல் எரிச்சலாக வருகிறது.

மனைவியை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மேனேஜர்கூட அப்படித்தான். கணவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஹலோ சார். கழிப்பறை வாசலில் எதிரே வருகிறவரிடம்கூட "ஹலோ, சொல்லுங்க" என்பார் மனிதர். நான் அதே அறையில் திரைகளுக்குப் பொத்தானும் படமும் வரைகிறவள். அக்கா எழுதும் பக்கங்களை வலைத்தளத்தில் ஏற்றுவதும் என் வேலைதான்.

நாங்கள் விற்றது ஒரே ஒரு மென்பொருள். நிரல் எழுதுகிற கம்பெனிகள், யார் எந்த வரியை எப்போது எதற்காக மாற்றினார் என்கிற வரலாற்றை ஒரு சர்வரில் சேர்த்துக்கொண்டே போவார்கள். பல வருஷம் போனபின் அந்த சர்வர் பழசாகிவிடும். புதியதற்குக் குடிபோகும்போது அந்த வரலாறு முழுவதையும் ஒன்றுவிடாமல் கொண்டுவந்து இறக்க வேண்டும். ஏற்றி இறக்குகிற லாரி எங்களுடையது.

அக்கா வருவதற்கு முன் இருந்த கையேட்டை எங்கள் புரோகிராமர்களே எழுதியிருந்தார்கள். தங்களுக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்று நினைத்து எழுதியது அது. அக்கா அதற்கு முன் ஒரு மருந்துக் கடையில் இருந்தவர். மாத்திரைக் கவர்களில் எந்த வேளைக்கு எத்தனை என்று எழுதித் தந்து பழகிய கை. கணவர் சொல்லித்தான் இங்கே சேர்ந்தார். கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாமல் வந்தவர், புரோகிராமர்களின் உயிரை வாங்கி ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். "அப்படின்னா என்ன தம்பி? அது நடக்கலன்னா என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே நிற்பார். அவர் வருவது தெரிந்தால் சிலர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வார்கள்.

ஆனால் அவருடைய உண்மையான வாத்தியார் வீட்டில் இருந்தார். இரவுச் சாப்பாட்டில் ஹலோ சார் அன்றைய ஃபோன்களைப் புட்டுப் புட்டு வைப்பார். ஒருவர் பயனர் பட்டியலைத் தலைகீழாகப் போட்டுவிட்டார், இன்னொருவர் உதாரணத்துக்குக் கொடுத்த சர்வர் முகவரியையே அப்படியே தட்டிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று சண்டைக்கு வந்தார். இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வரச் சாப்பிடுவார்களாம். மறுநாள் அக்கா அந்தப் பக்கத்தைத் திருத்தி என்னிடம் தருவார். அந்தக் கேள்விக்கு அப்புறம் ஃபோன் வராது.

இப்படியே ஃபோன் குறைந்தது. மேனேஜர் ஒரு வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டினார். கோடு சரிந்துகொண்டே போனது. ஒரு கூட்டத்தில் அக்காவை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். ஹலோ சார்தான் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினார். அடுத்த மாதம் ஃபோன் பிரிவில் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு இன்னும் இரண்டு பேர். கடைசியில் ஹலோ சார் மட்டும் மிஞ்சினார். பக்கத்து நாற்காலிகளை யாரோ எடுத்துப்போனார்கள். வயது ஐம்பத்து நான்கு. இந்த வேலையை விட்டால் வேறு யாரும் சீந்தமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அதன்பிறகு வீட்டில் பேச்சு நின்றது.

"இன்னிக்கு யாரு கூப்பிட்டா?"

"ஒண்ணும் பெருசா இல்ல."

அக்கா இதை என்னிடம் மதியச் சாப்பாட்டின்போது சொன்னார். மனுஷன் ஓய்ந்துபோய்விட்டார், ஆட்கள் போனதிலிருந்து முகமே சரியில்லை என்று வருத்தப்பட்டார். வாயைப் பிடுங்கிப் பார்த்தும் ஒன்றும் வரவில்லையாம். கையேடுதான் இப்போது சரியாகிவிட்டதே, சொல்ல என்ன இருக்கும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார். நானும் தலையாட்டினேன்.

சொல்ல ஒன்று இருந்தது. இறக்கும் வேலை பெரிய கம்பெனிகளில் நாள் கணக்கில் ஓடும். நடுவில் இணைப்பு அறுந்தால் நின்றுவிடும். கையேட்டில் அந்த இடத்தில் "நின்றுவிட்டால் மறுபடி ஓட்டவும்" என்றும் அதன் கீழே தட்ட வேண்டிய கட்டளையும் இருந்தன. புரோகிராமர்கள் சொன்னது, அக்கா எழுதியது. ஆனால் மறுபடி ஓட்டினால் எங்கள் மென்பொருள் புதிய சர்வரைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். புதிய சர்வர் காலியாக இருந்தால் பாதகமில்லை. அவசரக்காரர்கள் பழைய சாமான் வந்து சேர்வதற்கு முன்பே புது வீட்டில் சமைக்கத் தொடங்கிவிடுவார்கள், அதாவது புதிய வேலையை அங்கே சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அதுவும் சேர்ந்து போய்விடும். கட்டளையின் கடைசியில் 'தொடர்' என்று ஒரு சொல் சேர்த்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். அது கையேட்டில் இல்லை.

ஹலோ சாருக்குத் தெரியும். பாதியில் நின்றுவிட்டது என்று யார் பதறிக் கூப்பிட்டாலும், "ஹலோ, கையை எடுங்க. எதையும் தட்டாதீங்க. நான் சொல்றதை மட்டும் செய்யுங்க" என்பார். அவர்களும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்த ஒரு கேள்விதான் அவருக்கு வாரம் முழுவதும் ஃபோனைக் கொண்டுவந்தது. ஒரு வருஷம் அதை அக்காவிடம் மூச்சுவிடவில்லை.

ஒருநாள் அவர் பல் பிடுங்கப் போயிருந்தார். அன்றைக்கென்று ஒரு சின்னக் கம்பெனிக்காரி கூப்பிட்டிருக்கிறாள். மூன்று பேர் வைத்து நடத்துகிற கம்பெனி. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் கையேட்டைத் திறந்தாள், மறுபடி ஓட்டினாள். பழையதை அப்புறம் கொண்டுவரலாம் என்று புதிய சர்வரிலேயே செய்துவந்த நான்கு மாத வேலை போயிற்று. அதை நம்பியிருந்த ஒப்பந்தமும் போயிற்று. அவள் அனுப்பிய கடிதத்தில் திட்டு ஒன்றும் இல்லை. "உங்கள் கையேட்டில் எழுதியிருந்தபடியே செய்தோம். இனி எங்களுக்கு உங்கள் மென்பொருள் தேவைப்படாது, கம்பெனியை மூடுகிறோம்" என்று மட்டும் இருந்தது. அதைப் படித்த அக்கா அன்று முழுக்க ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

விசாரணை வைத்தார்கள். திரையில் ஏன் எச்சரிக்கை இல்லை என்று கேட்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். புரோகிராமர்களின் தலைவர் தன் பங்குக்கு நன்றாகப் பூசி மெழுகினார். மேனேஜர் ஹலோ சார் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பிரச்சினை இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

"வந்திருக்கு சார்."

"எத்தனை தடவை?"

"நிறைய."

அக்கா சட்டென்று கணவரைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. அவர் நிமிரவில்லை, மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

மேனேஜர் இன்னொரு தடவை கேட்டார். ஹலோ சார் வாயைத் திறந்தார், மூடினார். பல் பிடுங்கிய கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

"சொன்னாரு சார்," என்றார் அக்கா. "வீட்டுல வச்சுப் பலதடவை சொன்னாரு. நான்தான் எழுதாம விட்டுட்டேன்."

அந்த ஆள் அப்போதாவது நிமிர்ந்து இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லைதான், ஆனால் நான் அவர் கையால் தாலி கட்டிக்கொண்டவள் இல்லை. வெளியே வந்து அக்காவைக் கைகழுவும் இடத்தில் பிடித்தேன்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுல்ல?"

"ரெண்டு பேரையும் அனுப்பிட்டா என்ன பண்றது? மக படிச்சிட்டிருக்கா. எனக்கு எங்கயாவது ஒரு கடையில வேலை கிடைக்கும். அவருக்கு யாரு குடுப்பா?" குழாயைத் திறந்துவிட்டுக் கையைக் கழுவாமலே நின்றார். "அந்தப் பொண்ணு கம்பெனியை மூடிட்டா. அதுக்கு யாராவது ஒருத்தர் போகணும்ல."

அந்த வாரமே அக்காவை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். கைதட்ட வைத்த அதே மேனேஜர்தான் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். சிக்கனத்தில் கெட்டிக்காரர் அவர். இனிமேல் ஃபோனோடு கையேட்டையும் ஹலோ சாரே பார்த்துக்கொள்வார் என்று அறிவித்தார்.

ஹலோ சார் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருத்தினார். ஒரு வாரம் போராடி எழுதி எனக்கு அனுப்பினார். பார்த்தேன். கட்டளைகளைப் போடுகிற சாம்பல் நிறப் பெட்டிக்குள் பழைய கட்டளை அப்படியே இருந்தது. பெட்டிக்குக் கீழே, புதிய சர்வரில் வேலையைச் சேர்த்திருந்தால் இதை ஓட்டக்கூடாது, 'தொடர்' என்று சேர்க்க வேண்டும் என்று சிவப்பில் எழுதியிருந்தார். பெட்டியைப் பார்த்ததும் நகல் எடுத்து ஒட்டி என்டரைத் தட்டுகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். கீழே என்ன இருக்கிறது என்று, எல்லாம் போனபிறகுதான் படிப்பார்கள். எச்சரிக்கை எப்போதும் மேலே இருக்க வேண்டும். அக்காவோடு ஒரு மாதம் வேலை பார்த்த யாருக்கும் இது தெரியும்.

அவருடைய மேஜைக்குப் போனேன்.

"சார், இது மேல வரணுமே."

"வீட்டுல காட்டினேனேம்மா. படிச்சுப் பார்த்துட்டு, சரியா இருக்கு, போடுங்கன்னுட்டா."

மாடிப்படியில் நின்று அக்காவுக்கு ஃபோன் போட்டேன். அக்கா மறுபடி ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார், பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்பது காதில் விழுந்தது.

"அக்கா, அந்தப் பக்கத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எச்சரிக்கை கீழ இருக்கு."

"ஆமா."

இருமல் மருந்து கேட்டவருக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு வருஷம் எதிர்ல உட்கார்ந்து எப்படித்தான் சாப்பிட்டாரோன்னு யோசிச்சு யோசிச்சு எனக்குத் தூக்கமே இல்லம்மா," என்றார். "நேத்து அந்தப் பேப்பரைக் கையில குடுத்தாரு. பார்த்ததுமே தப்பு தெரிஞ்சது, சொல்லாம இருக்க ஒண்ணும் கஷ்டமா இல்ல. வாயை மூடிக்கிட்டு சோறு போட்டேன்."

பிறகு அவரே குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நீ அந்த எச்சரிக்கையைப் பெட்டிக்கு மேல ஏத்திடு. இன்னொரு பொண்ணு கம்பெனி போயிடக்கூடாது. நான் சொன்னேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதே."